பதினோராம் நெடுஞ்சாலையில் வெந்நீர்

யூ.டி.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காட்டு வண்டியில் கதவு இருக்காது, கண்ணாடி இருக்காது. நான்கு பருத்த டயர், இரண்டு மூன்று பேர் அருகருகே உட்காரும் இருக்கை, தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் விறகோ வைக்கோலோ ஏற்றும் தொட்டி, அவ்வளவுதான். கோடையில் வயலுக்கும் காட்டுக்கும் போய்வர இது போதும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ஓடும் 11-ஆம் நெடுஞ்சாலைப் பக்கத்தில் அதே வண்டி ஜனவரியிலும் ஓடியாக வேண்டும். மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோகவும், வாசல் பனியைத் தள்ளவும், உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்கப் போகவும் அதுதான் வாகனம். ஆகவே அந்த ஊர்க்காரர்கள் வண்டியை வாங்கிய பிறகு கூரை, முன்கண்ணாடி, கதவு என்று ஒவ்வொன்றாகப் பூட்டி, கடைசியில் ஹீட்டர் வைக்கிறார்கள். விலை கூடிய சில மாடல்கள் இப்போது மூடிய கேபினும் ஹீட்டருமாகவே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. தனியாக வாங்கித்தான் பொருத்த வேண்டும்.

மேற்கிலிருந்து வருபவருக்கு இந்தக் கதை ரோசோவில் தொடங்குகிறது. கனடா எல்லைக்குத் தெற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில், மூவாயிரம் பேர்கூட வசிக்காத ஊர். பொலாரிஸ் நிறுவனம் 1954-இல் பிறந்தது இங்கேதான். எட்கர் ஹெட்டீன், அவர் தம்பி ஆலன் ஹெட்டீன், டேவிட் ஜான்சன் மூவரும் விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்தவர்கள். பனிக்காலத்தில் வேட்டைக்குப் போக, கையில் கிடைத்த எஞ்சினை வைத்துப் பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்தார்கள். பின்னால் பிரிந்துபோன எட்கர், தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற பக்கத்து ஊரில் தொடங்கிய தொழில்தான் ஆர்க்டிக் கேட் ஆனது. பொலாரிஸ் 1985-இல் கைப்பிடி பிடித்து ஓட்டும் ஏ.டி.வி.க்கும், 1998-இல் ரேஞ்சர் என்ற யூ.டி.வி.க்கும் வந்தது. பனி வண்டியால் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் வண்டிக்கு, அது பிறந்த மண்ணிலேயே ஊர்க்காரர்கள் தனியாக ஹீட்டர் வாங்கி வைக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான்.

குளிரின் அளவைச் சொல்லாமல் ஹீட்டரைப் பற்றிச் சொல்வதில் பொருளில்லை. ரோசோவுக்குக் கிழக்கே 200 கி.மீ. தள்ளி இருக்கும் இன்டர்நேஷனல் ஃபால்ஸ், ‘நாட்டின் குளிர்ப்பெட்டி’ என்ற பட்டத்துக்காகக் கொலராடோவின் ஃபிரேசர் ஊரோடு வர்த்தகமுத்திரை வழக்காடிய ஊர். அதற்கும் தென்கிழக்கே உள்ள டவர் ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று பதிவான மைனஸ் 51 டிகிரி செல்சியஸ்தான் மாநிலத்தின் சாதனைக் குளிர். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். அங்கே சாதாரணமான மைனஸ் 18 டிகிரியில், திறந்த வண்டியை மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் முகத்தில் படும் காற்று மைனஸ் 32 டிகிரி போல உடம்பின் சூட்டை உறிஞ்சும். மூடாத தோலை அரை மணி நேரத்துக்குள் பனிக்கடி தாக்கிவிடும். கையுறைக்குள் விரல் மரத்துப்போனவர் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நம்பி உட்கார முடியாது. ஹீட்டர் சொகுசுக்காக மட்டும் அல்ல.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதியில் ஒரு பகுதி சைலன்சர் வழியே புகையோடு போகிறது. இன்னொரு பெரும் பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரான கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. ஹீட்டர் புதிதாக எதையும் எரிப்பதில்லை. வாய்க்காலில் மடை திறந்து பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் போல, வீணாகப் போகும் வெந்நீரில் கொஞ்சத்தைக் கேபினுக்குள் திருப்பிவிடுகிறது. காரின் ஹீட்டரும் இதே முறைதான்.

கடைகளில் மின்சார ஹீட்டரும் கிடைக்கிறது. சிகரெட் லைட்டர் குழியில் செருகினால் போதும் என்பதால் வாங்குபவர்களும் உண்டு. கணக்குப் போட்டால் அதன் ஏழ்மை தெரிந்துவிடும். 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுத்தாலும் கிடைப்பது 300 வாட். லைட்டர் குழியோ அவ்வளவு ஆம்பியரைத் தாங்காது. கூலன்ட் ஹீட்டர் கிட்டின் அட்டையில் 20,000 பி.டி.யூ. (ஒரு மணி நேரத்துக்கு) என்று போட்டிருந்தால் அது சுமார் 6 கிலோவாட். அட்டையில் இருப்பது முழுதாகக் கிடைக்காது. பாதி கிடைத்தாலும் மின்சார ஹீட்டருக்குப் பத்து மடங்கு. கண்ணாடிப் பனியில் ஒரு வட்டத்தை உருக்க மட்டுமே மின்சார ஹீட்டர் உதவும்.

ரோசோவிலிருந்து கிழக்கே 35 கி.மீ. போனால் வாரோடு. ஜன்னல்கள் செய்யும் மார்வின் தொழிற்சாலையும், ஐஸ் ஹாக்கியும், லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியின் கரையும் சேர்ந்தது இந்த ஊர். வழியெங்கும் பண்ணை வீடுகளின் பக்கத்தில் பெரிய தகரக் கொட்டகைகள். ஹீட்டர் பொருத்தும் வேலை பெரும்பாலும் இந்த மாதிரிக் கொட்டகைக்குள், வீட்டுக்காரர் கையாலேயே, ஒரு சனி ஞாயிறில் நடக்கிறது. கொட்டகையைச் சூடாக்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. உறைகுளிரில் டாஷ்போர்டின் பிளாஸ்டிக் விறைத்து, துளை போடும்போது கீறல் விட்டுவிடும். ரப்பர் ஹோஸும் வளையாது.

முதல் வேலை ஹீட்டர் அல்ல, ஓட்டை அடைப்பது. கதவும் பின்தடுப்பும் இல்லாத வண்டியில் 6 கிலோவாட்டும் காற்றோடு போய்விடும். கதவு போட்ட பிறகும் பெடல் நுழையும் துளை, ஸ்டியரிங் தண்டு நுழையும் இடம், இருக்கைக்கு அடியில் எஞ்சின் அறைக்குத் திறக்கும் இடைவெளி, கூரையும் முன்கண்ணாடியும் சேரும் விளிம்பு என்று குளிர் நுழையும் வழிகள் பல. ரப்பர் பீடிங், ஃபோம் பட்டை ஆகியவற்றால் இவற்றை அடைக்கிறார்கள். எஞ்சின் பக்கம் அடைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. கியருக்குக் காற்று போகும் குழாயையோ, எஞ்சின் மூச்சு விடும் வழியையோ மூடிவிடக் கூடாது. பெட்டிக்குள் வந்த கிட்டை விட இந்த ஃபோம் பட்டைக்குத்தான் முதலில் மதிப்புக் கொடுக்க வேண்டும். சிறிய ஹீட்டரும் நன்றாக அடைத்த கேபினும் சேர்ந்தால், பெரிய ஹீட்டரும் இடைவெளியுள்ள கேபினும் தராத சூட்டைத் தரும்.

கிட்டுக்குள் இருப்பவை அதிகமில்லை. செதில் வைத்த சின்ன ரேடியேட்டர் ஒன்று, அதன் வழியே காற்றை ஊதும் ப்ளோயர், இரண்டும் அடங்கிய பெட்டி, காற்றுக் குழாய்களும் அவற்றின் வாய்களும், சுமார் 16 மி.மீ. உள்விட்டமுள்ள ஹீட்டர் ஹோஸ், ‘T’ வடிவ டீ இணைப்பு இரண்டு, கிளாம்புகள், ஒரு வால்வு, சுவிட்ச், ஒயர். விலை சில நூறு டாலர். பெட்டி வழக்கமாக டாஷ்போர்டுக்குக் கீழேயோ முன்மூடிக்குள்ளோ உட்காரும். எங்கே உட்கார்ந்தாலும் ஓட்டுபவரின் முழங்கால், பெடல், ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய் ஆகிய நான்கையும் தொடாமல் இருக்க வேண்டும். காற்று வாய்களுக்கு டாஷ்போர்டில் வட்டத் துளை போட வேண்டும். துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கிட்டோடு வந்த காகித அச்சை அதன்மேல் வைத்துக் குறித்து, பின்புறம் ஒயர் எதுவும் ஓடவில்லை என்று கையை விட்டுப் பார்த்த பிறகே டிரில். இரண்டு வாய்கள் முன்கண்ணாடியை நோக்கி, ஒன்றோ இரண்டோ கால்களை நோக்கி. கண்ணாடிக்கு வாய் வைக்காத ஹீட்டரால் பாதிப் பயன்கூட இல்லை. ஏன் என்பது ஏரிக்குப் போனால் தெரியும்.

அடுத்து ஹோஸ். இந்த வகை வண்டிகளில் ரேடியேட்டர் மூக்கில் இருக்கும், எஞ்சின் இருக்கைக்குக் கீழேயோ பின்னாலோ இருக்கும். இரண்டையும் இணைக்கும் தடித்த ஹோஸ்கள் வண்டியின் அடிவயிற்றில் நீள்கின்றன. ஒன்றில் எஞ்சினிலிருந்து வெந்நீர் முன்னால் போகிறது. மற்றொன்றில் ஆறிய நீர் திரும்புகிறது. எது எது என்று தெரியாவிட்டால், எஞ்சினை ஓடவிட்டு எந்த ஹோஸ் முதலில் சுடுகிறது என்று பார்த்தால் போதும். அதன் பிறகு எஞ்சினை முழுதாக ஆறவிட வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறிய கூலன்ட்டை அகலத் தட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தரையில் சிந்தினால் நாய் நக்கி, சிறுநீரகம் கெட்டுச் சாகும். பண்ணை வீடுகளில் இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல.

வெந்நீர் ஹோஸை ஓரிடத்தில் வெட்டி ஒரு டீ, திரும்பும் ஹோஸை வெட்டி இன்னொரு டீ. முதல் டீயின் கிளையிலிருந்து ஹீட்டருக்கு, ஹீட்டரிலிருந்து இரண்டாவது டீயின் கிளைக்கு. காகிதத்தில் இவ்வளவுதான். பலருக்கும் சூடு போதாமல் போவதற்கு ஒரு காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நீர் தடை குறைந்த வழியாகவே போகும். அகலமான ரேடியேட்டர் ஹோஸ் திறந்திருக்கும்போது ஒல்லியான ஹீட்டர் ஹோஸுக்குள் அது ஏன் நுழைய வேண்டும்? ஆகவே சில கிட்டுகளில் நேர் டீக்குப் பதிலாக, நீரோட்டத்தின் திசைக்குச் சாய்ந்த ஒய் வடிவ இணைப்பு தருகிறார்கள். சிலர் ரேடியேட்டருக்குப் போகும் பாதையில் சிறு துளையுள்ள வளையம் வைத்து நீரைக் கொஞ்சம் நெருக்குகிறார்கள். கோடை வந்ததும் அதை எடுக்க மறந்தால் எஞ்சின் சூடேறும் என்பதால், சாய்ந்த இணைப்பே மேல்.

ஹோஸ் போகும் வழியில் சைலன்சர் குழாய் குறுக்கிடக் கூடாது. தகடு வழியே நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் தகட்டின் விளிம்பு ஹோஸை அறுத்துவிடும். அடிவயிற்றில் திறந்த காற்றில் ஓடும் நீளத்துக்கு ஃபோம் உறை போட்டுவிட்டால் சூடு வழியிலேயே செத்துப்போகாது. வால்வைக் கை எட்டும் இடத்தில் வைப்பதே நல்லது.

மின்சார வேலை எளிது, ஆனால் அவசரப்படுபவர்கள் கெடுப்பதும் இதைத்தான். ப்ளோயர் முழு வேகத்தில் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து நேராக இழுத்தால், சாவியை எடுத்த பிறகும் மறந்துபோன ப்ளோயர் ஓடி இரவுக்குள் பேட்டரியைத் தீர்த்துவிடும். மைனஸ் 30-இல் ஏற்கெனவே பலம் குறைந்த பேட்டரி காலையில் செத்துக் கிடக்கும். எனவே சாவி போட்டால் மட்டுமே உயிர் பெறும் ஒயரால் ஒரு ரிலேயை இயக்கி, ரிலே வழியே ப்ளோயருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ப்ளோயர் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் பூட்ட வேண்டும்.

பிறகு கூலன்ட் நிரப்புவது. தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்தால் உறைநிலை சுமார் மைனஸ் 37 டிகிரி. குளிர் அதிகம் என்று கலக்காத கிளைக்காலையே ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். நேர்மாறு: தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். 60 பங்கு கிளைக்காலும் 40 பங்கு தண்ணீரும் மைனஸ் 50-ஐ ஒட்டித் தாங்கும். டவர் ஊரின் சாதனைக் குளிருக்கே அது ஏறக்குறைய ஈடு. சுமார் 70 பங்குக்கு மேல் கிளைக்காலைக் கூட்டக் கூட்டப் பாதுகாப்பு குறையும். ஹீட்டரும் புது ஹோஸும் சேர்ந்ததால் முன்பு இருந்ததை விட அதிகக் கூலன்ட் பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போதுதான் வேலையின் கடினமான பகுதி வருகிறது: ஏர் எடுப்பது. ஹீட்டர் பெட்டி டாஷ்போர்டு உயரத்தில் இருக்கிறது. பல வண்டிகளில் அது ரேடியேட்டர் மூடியை விட மேலே. காற்று உயரத்தைத் தேடிப் போய் அந்தச் சின்ன ரேடியேட்டருக்குள் குமிழியாக உட்கார்ந்துகொள்ளும். குமிழி இருக்கும்வரை நீர் சுற்றாது. வண்டிக்குள் கடகடவென்று சத்தம் வரும், ப்ளோயர் குளிர்ந்த காற்றை ஊதும், சூடுகாட்டும் முள் ஏறி இறங்கும். அதைவிட மோசம், குமிழி எஞ்சின் தலைக்குள் போய்ச் சேர்ந்தால் அந்த இடம் நீரில்லாமல் காய்ந்து சேதமாகும். மலிவான கிட், சரியில்லாத ப்ளோயர் என்று குறை சொல்லப்படுபவற்றில் பல, உண்மையில் வெளியேறாத காற்றுதான்.

வழி இதுதான். வண்டியின் முன்பக்கத்தைச் சாய்தளத்தில் ஏற்றி ரேடியேட்டர் மூடியை எல்லாவற்றிலும் உயரமாக்க வேண்டும். ஹீட்டர் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். எஞ்சின் தலையிலோ தெர்மோஸ்டாட் பக்கத்திலோ காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று நீர் மட்டுமே வரும்வரை ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, இடையிடையே அடிவயிற்று ஹோஸைக் கையால் அமுக்கி விட்டால் சிக்கிய குமிழிகள் நகரும். தெர்மோஸ்டாட் சுமார் 80, 90 டிகிரியில்தான் திறக்கும். அதற்கு முன் பல வண்டிகளில் அடிவயிற்று ஹோஸில் ஓட்டமே இருக்காது. அது திறக்கும்போது நீர்மட்டம் சட்டென்று விழும், மறுபடி நிரப்ப வேண்டும். பட்டறைக்காரர்கள் பலர் வெற்றிடக் கருவியை வைத்து முதலில் காற்றை முழுதாக உறிஞ்சிவிட்டு, அந்த வெறுமையாலேயே கூலன்ட்டை உள்ளே இழுக்கிறார்கள். கருவி இல்லாதவருக்குப் பொறுமைதான் கருவி. ஓட்டி, ஆறவிட்டு, மட்டம் பார்த்து நிரப்பி, மறுபடி ஓட்டி என்று சில தடவை செய்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அதே சமயத்தில் கிளாம்புகளையும் இன்னொரு சுற்று இறுக்குவார்கள். சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கசிவு விடும்.

வாரோடிலிருந்து ஏரிமேல் இறங்கினால் ஹீட்டருக்கு உண்மையான சோதனை. லேக் ஆஃப் த வுட்ஸில் 14,000-க்கும் மேற்பட்ட தீவுகள். அதன் வடமேற்கு மூலையில் அமெரிக்காவுக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம், கனடா வழியாகப் போனால்தான் தரைவழியாக எட்டும்படி தனித்துக் கிடக்கிறது: 1783-இல் எல்லை வகுத்தவர்கள் பிழையான வரைபடத்தை நம்பி, மிசிசிப்பி ஆற்றின் தலை இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததன் விளைவு. கொரோனாவால் கனடா எல்லை மூடப்பட்டிருந்த 2021 குளிர்காலத்தில், அந்தத் துண்டு நிலத்துக்குப் போக ஏரியின் பனிக்கட்டிமேலேயே பாதை போட்டார்கள்.

மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை புதிய, தெளிந்த பனிக்கட்டிக்கு நடப்பதற்கு 4 அங்குலம், யூ.டி.வி.க்கு 7, 8 அங்குலம், சின்னக் காருக்கு 9, 10 அங்குலம் என்று அளவு சொல்கிறது. பனிமேல் வாகனம் ஓட்டுபவர்கள் சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி வைக்க வேண்டும் என்பது அங்கே நெடுநாள் அறிவுரை. பனிக்கட்டி உடைந்தால் வெளியேற நேரம் கிடைக்க வேண்டும். ஹீட்டருக்காக இவ்வளவு பாடுபட்டு அடைத்த கேபினை அதே ஹீட்டருக்கு மிக வேலையுள்ள இடத்தில் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் திருகு போட்டு இறுக்கிய கதவைவிட, ஒரு தள்ளலில் திறக்கும் கதவை ஏரிக்குப் போகிறவர்கள் விரும்புகிறார்கள்.

கண்ணாடிக்கு ஏன் காற்று வாய் தேவை என்பதும் இங்கே புரிகிறது. இரண்டு பேரின் மூச்சும், பூட்ஸில் ஒட்டி வந்த பனி உருகிய ஈரமும் சேர்ந்து கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்து வெள்ளையாகிவிடும். அதே காற்றையே சுற்றிச் சுற்றி ஊதும் ஹீட்டர் சீக்கிரம் சூடேற்றும். ஈரத்தையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். வெளிக்காற்றைக் கொஞ்சம் இழுக்கும் ஹீட்டர் தாமதமாகச் சூடேறும், ஆனால் குளிர்க்காற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதால் கண்ணாடி தெளியும். பாலிகார்பனேட் முன்கண்ணாடியைச் சுரண்டினால் கீறல் விழுந்துவிடும் என்பதால் இந்த வசதி இன்னும் முக்கியம்.

நின்ற இடத்தில் எஞ்சினை மெல்ல ஓடவிட்டால் மைனஸ் 25-இல் அது தன்னையே சூடாக வைத்துக்கொள்ளத் திணறும், ஹீட்டரும் ஆறும். அதற்கு ரேடியேட்டரின் முன்னால் ஒரு பகுதியை அட்டையாலோ துணி மூடியாலோ மறைக்கிறார்கள். முழுதாக மறைத்துவிட்டு வேகமாக ஓட்டினால் சூடேறும், ஆகவே முள்ளில் ஒரு கண் இருக்க வேண்டும்.

வாரோடிலிருந்து மேலும் கிழக்கே 60 கி.மீ. போனால் பாடெட். 40 அடி நீள வால்ஐ மீன் சிலை நிற்கும் ஊர். பனிமேல் கூடாரம் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் உட்காரும் மீன்பிடிகாரர்களுக்குக் கூலன்ட் ஹீட்டர் உதவாது. அவர்களில் சிலர் டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கும் தனி ஹீட்டரை வைக்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள் தூங்கும்போது ஓடவிடும் வகை. ஜெர்மனியின் வெபாஸ்டோவும் எபர்ஸ்பேஷரும் செய்து பெயர் பெற்றவை. 2 கிலோவாட், 5 கிலோவாட் அளவுகளில் கிடைக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்திலும் மணிக்குக் கால் லிட்டர் அளவே குடிக்கும். இவற்றின் புகைக்குழாய் கேபினுக்கு வெளியே, ஜன்னலுக்கும் காற்று இழுக்கும் வாய்க்கும் விலகி முடிய வேண்டும். அணைக்கும்போது மின்சாரத்தைத் திடீரென்று துண்டிக்காமல், உள்ளே தணலாயிருக்கும் அறையை விசிறி ஆற்றி முடிக்கும்வரை விட வேண்டும்.

புரொப்பேன் சிலிண்டரில் மாட்டும் சின்ன அடுப்பு ஹீட்டரைக் கேபினுக்குள் வைப்பவர்களும் உண்டு. அது எரிந்த புகையையும் ஈரத்தையும் உள்ளேயே விடுகிறது. நன்றாக அடைத்த கேபினில் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாமல் சேரும். தலைவலியும் தூக்கமும் குளிரின் களைப்பு என்றே தோன்றும். எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. கூலன்ட் ஹீட்டர் வைத்த வண்டியிலும் எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அந்தக் கருவி ஒன்று இருப்பது நல்லது.

ஏப்ரலில் பனி விலகியதும் வால்வை மூடிவிடுவார்கள். இல்லாவிட்டால் கோடை முழுக்கக் காலடியில் வெந்நீர் ஓடிக்கொண்டிருக்கும். சும்மா கிடக்கும் ப்ளோயர் பெட்டிக்குள் எலி கூடு கட்டும் என்பதால் காற்று நுழையும் வாயில் கம்பிவலை போடுகிறார்கள். அக்டோபரில் கூலன்ட்டின் உறைநிலையைச் சின்ன மானியால் அளந்து, கிளாம்புகளைத் தொட்டுப் பார்த்து, ப்ளோயரை ஒரு முறை ஓடவிட்டு, வால்வைத் திறந்து மட்டம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டால் முதல் பனிக்கு வண்டி தயார்.